வெள்ளிக் கேபிளுக்கு ஓர் இருமல்

இது நடந்தது. பொங்கோலில், பட்டப்பகலில், ஏர்கான் ஓடிக்கொண்டிருந்த ஒரு வரவேற்பறையில், படித்தவர்கள் ஆறு பேர் உட்கார்ந்திருக்கும்போது நடந்தது. அழகேசன் கட்டிவிட்ட கதை என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த மனிதருக்கு இருந்த கற்பனை முழுவதையும் அவர் கேபிள்களிலேயே செலவழித்துவிட்டார். பேய்க்கு மிச்சம் வைக்கவில்லை.

அழகேசன் ஈசூனில் இருக்கிறார். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மகன் கல்யாணமாகித் தனி வீடு போன அதே வாரம், மகனுடைய படுக்கையறையைக் 'கேட்பறை' ஆக்கினார். சுவரெல்லாம் பஞ்சு, ஜன்னலுக்கு இரட்டைத் திரை, ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு, நடுவில் ஒரே ஒரு நாற்காலி. அவர் மனைவி லட்சுமி அந்த அறைக்குள் பேச வேண்டுமானால் முதலில் கையைத் தூக்க வேண்டும்.

'செவிச்செல்வர் வட்டம்' என்று ஒரு கூட்டம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் யார் வீட்டிலாவது கூடுவார்கள். யார் எந்த ஆம்ப்ளிஃபயர் வாங்கினார், யாருடைய ஸ்பீக்கர் மட்டம், இதுதான் பேச்சு. பாட்டுக் கேட்கக் கூடுவதாகத்தான் சொல்லிக்கொள்வார்கள். ஆனால் ஒரு பாட்டையும் அவர்கள் முழுசாகக் கேட்டதில்லை. முதல் அரை நிமிடத்திலேயே நிறுத்திவிடுவார்கள். பிறகு விமர்சனம், இருட்டும் வரை.

"பாடகி அரை அடி முன்னால வந்துட்டாங்க" என்பார் ஒருவர்.

"வந்தாங்க. ஆனா மிருதங்கத்துல ஈரம் பத்தல" என்பார் இன்னொருவர்.

பிறகு எல்லாரும் அழகேசன் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் கண்ணை மூடி, மோவாயைச் சற்றுத் தூக்கி, தீர்ப்புச் சொல்வார்.

"மேடை நல்ல அகலம். இடது ஓரத்துல மட்டும் லேசா ஒரு மூட்டம்."

அதோடு அந்த ஸ்பீக்கரின் கதை முடிந்தது. வாங்கியவர் வீட்டுக்குப் போய் அதை விற்பனைக்குப் போட்டுவிடுவார். வட்டத்தில் அவருக்குத் 'தங்கக் காது' என்று பெயர். அவர் இல்லாத இடத்திலும் அப்படித்தான் சொல்வார்கள்.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. திரைச் சோதனையில் வந்தது. ஒரு திரையைக் கட்டி, ஆம்பையும் கேபிள்களையும் அதற்குப் பின்னால் வைத்துவிடுவார்கள். ஒன்று விலையுயர்ந்த வெள்ளிக் கேபிள், இன்னொன்று கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிற செம்புக் கேபிள். பின்னால் நிற்கிறவர் ஒவ்வொரு சுற்றுக்கும் காசைச் சுண்டிப் பார்த்து, ஏதாவது ஒன்றைச் செருகி, "ரெடி" என்பார். அதற்கு மேல் அவர் பேசக்கூடாது. முன்னால் இருக்கிறவர் கேட்டுவிட்டு, வெள்ளியா செம்பா என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் பத்துக்கு நாலு, ஐந்து என்று முக்குவார்கள். அழகேசன் பத்துக்குப் பத்து. எப்போதும்.

பின்னால் நிற்கிற வேலை ரவூப்புடையது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், அழகேசனுக்குப் பள்ளிக்கூடத்து நண்பர். "எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் லா கேக்குது" என்று முதல் நாளே உண்மையைச் சொல்லிவிட்டதால் அவரை யாரும் முன்னால் உட்கார வைக்கவில்லை. கூட்டத்தில் தின்னத் தருகிற கறி பஃப்புக்காகத்தான் வருகிறார் என்று பேசிக்கொண்டார்கள். அதுவும் உண்மைதான்.

ஆனால் அவர்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. வெள்ளிக் கேபிளைச் செருகினால் ரவூப் சின்னதாக ஒரு முறை இருமுவார். செம்பு என்றால் இருமமாட்டார். அழகேசன் கோப்பிக் கடையில் வைத்துக் கேட்டுக்கொண்டதை, ரவூப் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டிருந்தார். சிகரெட் குடிக்கிற நெஞ்சு. யாரும் சந்தேகப்படவில்லை.

தங்கக் காது என்பது அந்த இருமல்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், தீபாவளியை ஒட்டிய கூட்டத்தில், புதிதாக வந்திருந்த ஒரு டாக்டர் ரவூப்பிடம் அபிப்பிராயம் கேட்டார். ரவூப் வாய் திறப்பதற்குள் அழகேசன் முந்திக்கொண்டார்.

"அவன்கிட்ட ஏன் கேக்குறீங்க டாக்டர்? அவனுக்கு இருக்கிறது காது இல்ல. கண்ணாடி மாட்டுற கொக்கி."

எல்லாரும் சிரித்தார்கள். ரவூப்பும் சிரித்தார். பிறகு திரைக்குப் பின்னால் போனார். அன்றைக்கும் அழகேசனுக்குப் பத்துக்குப் பத்து.

இந்த வருடம் நோன்பு மாதத்தில், நெஞ்சுவலி வந்து, ரவூப் மௌத்தானார். அழகேசன் அடக்கத்துக்குப் போனார். மண் போட்டார். கையைத் தட்டிவிட்டுத் திரும்பும்போது அவருக்கு வந்த முதல் நினைப்பு, இனிமேல் யார் இருமுவார்கள் என்பதுதான்.

கவலைக்குக் காரணம் இருந்தது. டிசம்பரில் ஹோட்டல் ஒன்றில் ஒலிக் கண்காட்சி. அதற்கு நடுவராக வட்டத்திலிருந்து ஒருவரைக் கேட்டிருந்தார்கள். அழகேசன் தனக்குத்தான் என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார். கோட்டுக்கு அளவுகூடக் கொடுத்தாயிற்று. ஆனால் கண்காட்சிக்காரர்களின் ஆள் முன்னிலையில் ஒரு திரைச் சோதனை நடத்திக் காட்ட வேண்டும் என்றார் வட்டத்தின் தலைவர் ஜமால் முகம்மது. லிட்டில் இந்தியாவில் மின்சாமான் கடை வைத்திருப்பவர், பொங்கோலில் குடியிருப்பவர்.

திரைக்குப் பின்னால் நிற்க ரக்ஷனா என்ற புதுப் பெண் முன்வந்தாள். புள்ளிவிவரத் துறையில் வேலை. இருமச் சொன்னால் ஏன் என்று கேட்கிற வயது.

அழகேசன் தலைவலி என்று சொல்லிப் பார்த்தார். ஜமால் விடவில்லை.

"நீங்க இல்லாமலா அழகேசன் சார்? சும்மா உக்காந்து சொல்லுங்க. உங்களுக்கு இதெல்லாம் சோறு தின்கிற மாதிரி."

ஞாயிறு மதியம், மணி மூன்று பத்து. வெளியே வெயில் கொளுத்தியது. ஜமால் தன் வீட்டு வரவேற்பறையில் ஒரு நீலப் படுக்கை விரிப்பைத் திரையாகக் கட்டியிருந்தார். அது தரையைத் தொடவில்லை. அடியில், வலது பக்கமாக, ரக்ஷனாவின் பாதங்கள் தெரிந்தன. மஞ்சள் காலுறை.

"ரெடி."

வீணை. நல்ல வீணை. அழகேசன் கண்ணை மூடினார். அவருக்கு வீணை கேட்டது. அவ்வளவுதான் கேட்டது. தோற்கப் போகிறோம் என்று தெரிந்துவிட்டது. வாய்க்கு வந்ததைச் சொல்ல உதட்டைப் பிரித்தார்.

அப்போது இருமல் கேட்டது.

சின்னது. ஒரே ஒரு முறை.

"வெள்ளி" என்றார்.

அடுத்த சுற்று. வீணை. இருமல் இல்லை.

"செம்பு."

மூன்றாவது சுற்றில் மறுபடியும் இருமல். பாவம், பிள்ளைக்குத் தொண்டை சரியில்லை போலிருக்கிறது, தற்செயலாக ஒத்துப்போகிறது என்று நினைத்தார். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது. கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தார். மஞ்சள் காலுறை வலது பக்கம் இருந்தது.

இருமல் வந்தது இடது பக்கத்திலிருந்து.

ஐந்தாவது சுற்று. இருமல் திரைக்குப் பின்னால் இல்லை... இந்தப் பக்கம். இடது ஸ்பீக்கருக்கு அருகில்.

அங்கே யாரும் இல்லை.

"வெள்ளி."

எட்டாவது சுற்று. சோபாவின் இடது முனை. காலி இடம்.

கழுத்துப் பின்னால் வியர்த்தது. ஏர்கான் ஓடிக்கொண்டிருந்தது.

"வெள்ளி."

பத்தாவது.

"ரெடி."

வீணை ஆரம்பித்தது. இருமல் இல்லை. செம்புதான். அப்பாடா என்று...

இடது காதருகே...

மூச்சை இழுக்கிற சத்தம்.

பிறகு இருமல்.

மூன்று முப்பத்தைந்துக்கு ரக்ஷனா திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். கையில் அவள் குறித்து வைத்த தாள். முகத்தில் திகைப்பு.

"பத்துக்குப் பத்து. எப்படி அங்கிள்?"

கைதட்டினார்கள். கண்காட்சிக்காரர்களின் ஆள் எழுந்து வந்து கை குலுக்கினார். அழகேசன் அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். பணிவு என்று அந்த ஆள் எடுத்துக்கொண்டார்.

"ஏம்மா, இருமலா? வெந்நீர் குடிச்சியா?" என்று கேட்டார் அழகேசன்.

"நானா? இல்லையே அங்கிள். யாருமே இருமல."

அவள் போனில் எல்லாவற்றையும் பதிவு செய்து வைத்திருந்தாள். போட்டுக் காட்டினாள். "ரெடி." வீணை. இடைவெளி. "வெள்ளி." மறுபடி "ரெடி." வீணை. இடைவெளி. அந்த இடைவெளிகளில் ஒன்றுமே இல்லை. ஏர்கான் இரைச்சல் மட்டும்.

ஜமால் கறி பஃப் தட்டை நீட்டினார்.

"ரவூப் பாய் நெனப்பு வந்திருக்கும் சாருக்கு. அவர்தான் எப்பவும் இருமுவார். அதுகூடக் கடைசில நின்னு போச்சுல்ல? சிகரெட்ட விட்டுட்டாரோ என்னவோ."

ஜமாலுக்குக் காது அவ்வளவுதான் என்று அழகேசன் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை, வீட்டில்.

"தோசையா, சப்பாத்தியா?" என்றாள் லட்சுமி.

'சப்பாத்தி' என்ற சொல் முடிந்ததும் இருமல். இடது பக்கம். அழகேசன் சப்பாத்தி சாப்பிட்டார்.

சட்டை எடுக்கும்போது வந்தது. நீலத்துக்கு இல்லை, வெள்ளைக்கு வந்தது. இருமல் லிப்ட்டுக்கு வராமல் படிக்கட்டுக்கு வந்தபோது, ஒன்பது மாடி இறங்கினார். கேட்பறைக்குள் போய்ப் பஞ்சுக் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே இன்னும் தெளிவாகக் கேட்டது. வாழ்நாள் முழுவதும் தேடிய தெளிவு.

ரவூப்தான். வேறு யார்? கோபம் தீராமல் வந்திருக்கிறான்.

ஆனால் படித்தவர் அல்லவா, முதலில் மருத்துவமனைக்குப் போனார். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். பிறகு டாக்டர் அம்மா வரைபடத்தைத் திருப்பிக் காட்டினார்.

"வலது காது வயசுக்குப் பரவால்ல. இடது காதுல ஒண்ணுமே கேக்கல உங்களுக்கு. நரம்பு போயிடுச்சு. மூணு வருஷமாவது ஆகியிருக்கும். எப்படிக் கவனிக்காம இருந்தீங்க?"

மூன்று வருடம். இரண்டு காதும் இருந்தால்தான் தெரிகிற மேடையின் அகலத்தையும் இடது ஓரத்து மூட்டத்தையும் ஒற்றைக் காதை வைத்துக்கொண்டு அளந்திருக்கிறார். அந்தத் தீர்ப்பைக் கேட்டு எத்தனை பேர் நல்ல ஸ்பீக்கர்களை விற்றார்கள் என்பது தனிக் கதை. அவருக்கு அப்போது அது தோன்றவில்லை.

"இடது பக்கம் எனக்கு ஒரு சத்தம் கேக்குது டாக்டர்."

"கேக்க முடியாதே" என்றார் டாக்டர் அம்மா.

அன்று மாலையே கேலாங்குக்குப் போனார். ரவூப்பின் மனைவி பதுருன்னிசா கதவைத் திறந்தாள். அழகேசன் தன்னுடைய வெள்ளிக் கேபிளை ஒரு பைக்குள் வைத்து எடுத்துப் போயிருந்தார். அதை மேசைமேல் வைத்தார்.

"ரவூப் ஞாபகமா இது இங்க இருக்கட்டும் தங்கச்சி. அவனுக்காக ஒரு பாத்திஹா ஓதச் சொல்லுங்க. என்மேல கோபம் இருந்தா..."

"கோபமா?" பதுருன்னிசா சிரித்தாள். "இருந்துச்சுதான் அண்ணே. அந்தத் தீபாவளிக்கு நீங்க கொக்கின்னு கேலி பண்ணீங்கல்ல. திரைக்குப் பின்னால போனதுமே முடிவு பண்ணிட்டாராம், இனிமே இந்த ஆளுக்கு இருமறதில்லன்னு. அந்த இருமல் விஷயம் எனக்குத் தெரியும். அன்னிக்கே நிறுத்திட்டார்."

அழகேசன் நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னிக்கே... ன்னா?"

"அன்னிக்கேதான். அப்புறம் ஒரு தடவகூட இருமல. கடைசி வரைக்கும் வாயப் பொத்திக்கிட்டு நின்னிருக்கார். நீங்க மாட்டிக்குவீங்கன்னு பாத்தா, நீங்க ஒவ்வொண்ணும் சரியாச் சொல்றீங்க. வீட்டுக்கு வந்து எங்கிட்ட சொல்லிச் சொல்லி மாஞ்சு போவார். 'பதுரு, அவனுக்கு நெசமாவே தங்கக் காதுதான் லா. நாந்தான் தப்பா நெனச்சிட்டேன்'னு. மௌத்தாகறதுக்கு முந்தின நாள்கூடச் சொன்னார்."

அழகேசன் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

அந்தத் தீபாவளிக்குப் பிறகு எத்தனை ஞாயிறு. எத்தனை சுற்று. ஒவ்வொன்றிலும் இருமல் கேட்டது. தெளிவாகக் கேட்டது.

திரைக்குப் பின்னால் ரவூப் உயிரோடு, வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார்.

அப்படியானால்...

"என்ன அண்ணே, முகமெல்லாம் வெளுத்துப் போச்சு? இருங்க, குடிக்க ஏதாச்சும் கொண்டாறேன். கோப்பியா, தேத்தண்ணியா?"

இடது பக்கம் ஓர் இருமல்.

அழகேசன் வாயைத் திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

மறுபடியும் இருமல். இந்த முறை கொஞ்சம் பொறுமை இழந்து.

"தேத்தண்ணி" என்றார் அழகேசன்.