போர்டில் ஏறாத உதை

மாநில டேக்வாண்டோ போட்டிக்கு லீவு கிடைக்காததால், ஓசூர் மூக்கண்டப்பள்ளி கம்பெனி வேலையையே விட்டுவிட்டு வந்திருந்தாள் பூங்கொடி. அந்த வருஷம்தான் சென்சார் வைத்த மார்புக்கவசமும் காலுறையும் புதிதாக வந்திருந்தன. ஓசூரில் அவள் பழகியது பழைய கவசத்தில். அதற்கு நடுவர்கள் கண்ணால் பார்த்துப் புள்ளி போடுவார்கள். புதியதில், காலுறையின் சென்சார் கவசத்தில் பட்டால்தான் ஸ்கோர் போர்டில் புள்ளி ஏறும்.

இங்கே அவள் உதைத்த சத்தம் அரங்கம் முழுக்கக் கேட்டது. போர்டில் எண் மாறவில்லை. எதிரில் நின்ற சேலத்துப் பெண் லேசாகத் தொட்டாலே புள்ளி ஏறியது.

"புறங்கால்ல படணும்மா, கணுக்காலுக்கு மேல படுது!" என்று கத்தினார் பயிற்சியாளர் ரத்தினவேல். பழகிய கால் கேட்கவில்லை. கடைசி நொடிகளில் வெறிபிடித்தவள்போல் உதைத்தாள். சேலத்துப் பெண் விலாவைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அப்போதும் எண் அசையவில்லை. ஆட்டம் முடிந்தது.

நிமிர முடியாமல் நின்றவளின் கையைத்தான் நடுவர் தூக்கினார்.

"பயங்கரமா ஒதச்சீங்கக்கா," என்றாள் அவள், மூச்சு வாங்கியபடி.

பூங்கொடி தரையில் உட்கார்ந்து அழுதாள்.