பக்கத்துக் காம்பரா மாத்திரை

போன மாதம் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு போன். என்னோடு ஒரே வகுப்பில் படித்த செல்வி, கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும்போதே மலையில் மயங்கி விழுந்துவிட்டாளாம். இங்கே பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறார்கள்... கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

வார்டில் செல்வி வெளுத்துப்போய்க் கிடந்தாள். பக்கத்தில் பாக்கியம் அக்கா. லயத்து வரிசை வீடுகளில் செல்விக்கு அடுத்த காம்பராக்காரர்; இரண்டு அறைக்கும் நடுவில் ஒரே சுவர். முகத்தில் ஈயாடவில்லை.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கையில் மாத்திரை போட்ட ஒரு சின்னப் பேப்பர் உறை.

"இது ஆற்ற குளிசை?"

"என்னோடதுங்க ஐயா. பிரஷருக்கு கிளினிக்ல குடுத்தது. எனக்கும் இவளுக்கும் ஒரே தலசுத்துதாங்க. எனக்கு நல்லாக் கேக்குது... இவளுக்கும் கேக்கும்னு நாந்தான் குடுத்தேன்."

செல்விக்கு பிரஷரே கிடையாது. ரத்தம்தான் குறைவு. இருந்த பிரஷரையும் அந்த மாத்திரை இறக்கிவிட்டது. செங்குத்தான மலை. ஒரு தேயிலைச் செடி மட்டும் தடுத்திருக்காவிட்டால்...? எனக்குக் கோபம் வந்தது.

"ஏண்டி, நேரா டாக்டர்ட்ட போயிருக்கலாம்ல?"

"போனா அன்னைக்குப் பேர் போயிரும்டி. பஸ்சும் நேரத்துக்கு இல்ல. மாத்திரைன்னா முழுங்கிட்டு வேலைக்குப் போயிரலாம்."

தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் கூலி. பாக்கியம் அக்கா இழுத்தார். "மாசத்துக்கு ஒரு பேரை விட்டுட்டுத்தான் நான் மருந்து வாங்கிட்டு வர்றேன். ஒரே தலசுத்து வருத்தத்துக்கு ரெண்டு பேரும் எதுக்கு விடணும்னுதான்..."

யார் மேல் கோபப்படுவது, சொல்லுங்கள்? உப்பு தீர்ந்தால் பக்கத்துக் காம்பரா. சீனி தீர்ந்தாலும் பக்கத்துக் காம்பரா. தன் மருந்தையே குறைத்துக்கொண்டு கொடுத்திருக்கிறார் அந்த மனுஷி!

டவுனில் இருக்கும் நாம் மட்டும் என்ன ஒழுங்கு? பாமசியில் போய் நின்று, "போன தடவை தந்தீங்களே, அதே கேப்சூல்" என்று கேட்கிறோம். நம்மில் யார்தான் டாக்டர் இல்லை? செல்விக்காவது பேர் போகும் என்ற பயம். நமக்கு வரிசையில் நிற்கப் பொறுமை இல்லை — அவ்வளவுதான்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: "மாசாமாசம் கிளினிக்குக்கு வரவேணும். விட்டால் திரும்பவும் விழுவீங்கள்."

செல்வி தலையாட்டினாள். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே அந்தத் தலையாட்டலை எனக்குத் தெரியும். வர மாட்டாள்.

பாக்கியம் அக்காவுக்கும் தெரிந்திருக்கிறது. "அடியே, அன்னைக்குப் பேர் போகட்டும். மறுநாளு லயத்துக்காரங்க நாங்க ஆளுக்கு ரெண்டு பிடி கொழுந்து ஒங்கூடையில போடுறோம். கூடுதல் கொழுந்துக்குத் தனிக்கூலி இருக்குல்ல? சரியாயிரும்."

மாத்திரையைப் பங்குபோட்ட அதே கை! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போன வாரம் கிளினிக் நாள். காலையிலேயே பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். மடுல்சீமை பஸ் வந்தது. ஒவ்வொருவராக இறங்கினார்கள். செல்வி இல்லை. சரிதான் என்று திரும்பப் போனேன்... கடைசி ஆளாக இறங்கினாள்! முகத்தில் கொஞ்சம் தெளிவு.

மறுநாள் மாலை போன். "கூடை வழியுதுடி! பாத்துக்கிட்டு நின்ன கங்காணியும் ஒரு பிடி போட்டாரு!"

பாக்கியம் அக்கா போனை வாங்கினார். குரல் இறங்கியது. "ஏன் தங்கச்சி, இவளுக்கு ரத்தத்துக்குக் குடுத்திருக்கிற செவப்பு மாத்திரை அசதிக்கு நல்லதாமே? எனக்கும் கொஞ்ச நாளா ஒரே அசதி..."

பின்னாலிருந்து செல்வி போட்ட சத்தம் பதுளை வரை கேட்டது: "டாக்டர்ட்ட கேளுங்கக்கா! ஒங்க கூடைய நாங்க நெரப்புறோம்!"