மாத்திரைக்கும் விரதம்!

முட்டாள்தனத்தில் எனக்கு நல்ல சர்வீஸ் உண்டு. ஆனால், சமீபத்தில் செய்தது பழைய சாதனைகளையெல்லாம் ஓரங்கட்டிவிட்டது. நெஞ்சுப் படபடப்புக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை நானே நிறுத்திவிட்டேன். ஏன்? விரதமாம்!

போன வருஷம் என் மனைவி சரோஜா டெங்குவில் படுத்தபோது, 'இவள் எழுந்து நடந்தால் தீ மிதிக்கிறேன்' என்று திரௌபதி அம்மனிடம் வேண்டிக்கொண்டேன். எழுந்தாள். நடந்தாள். என்னைத் திட்டவும் ஆரம்பித்தாள். ஆக, பூரண குணம்!

இந்த வருஷம் காப்புக் கட்டிக்கொண்டேன். கறி கிடையாது, முட்டை கிடையாது... மாத்திரையை எதில் செய்கிறார்களோ, யார் கண்டது? அதுவும் கிடையாது!

சில நாள் போனது. காலையில் கோயிலுக்குப் போனேன். பம்பை முழங்கியது. தீக்குழிக்கு வெட்டிய பள்ளத்தை எட்டிப் பார்த்தேன் — என் நெஞ்சு பம்பையை முந்திக்கொண்டு ஓடியது. கண் இருட்டியது. விழித்தால், உத்திரமேரூரில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டில்.

பக்கத்தில் சரோஜா. அவளுக்குப் பக்கத்தில் என் தம்பி மகள் கீர்த்தனா. ஏனாத்தூரில் ஆராய்ச்சி மாணவி. இதய செல்லுக்குள் கால்சியம் போகிற வாசல்தான் அவளுடைய ஆராய்ச்சியே. சோதனை எலி தானாக வந்து படுத்திருந்தால் விடுவாளா?

"இன்னா பெரிப்பா, மாத்திரைய நிறுத்திட்டியா?"

"விரதம்மா..."

"அதுல இன்னா கோழிக்காலா கீது?"

பிறகு பாடம் நடந்தது. இதய செல்லில் பொடிப்பொடி வாசல்கள். அவற்றின் வழியே கால்சியம் உள்ளே போனால்தான் இதயம் சுருங்கும். பயந்தால் அட்ரினலின் வந்து செல்லைத் தட்டும். உள்ளே கைனேஸ் என்ற புரதம் வேலையில் இறங்கும். அது செய்வதெல்லாம் பாஸ்பேட்டைக் கொண்டுபோய் ஒட்டுவதுதான். எங்கே? வாசலை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும் இன்னொரு புரதத்தின் மேல். ஒட்டியதும் அந்த ஆசாமி விலகிக்கொள்வார். வாசல் தாராளமாகத் திறக்கும். கால்சியம் பாயும். நெஞ்சு தடதட!

அதிகாரியைவிட அவர் அறை வாசலில் உட்கார்ந்திருப்பவரைக் கவனித்தால் காரியம் நடக்கும் என்பார்களே... இதயத்திலும் அதே நிர்வாகம்தான்.

"உன் மாத்திரை, அட்ரினலின் தட்றத தடுக்குது. அதுக்குப் பழகிட்டு, செல்லு தட்றதுக்கு ஜாஸ்தி எடம் பண்ணி வச்சிக்கினு கீது. திடீர்னு நிறுத்தினா அத்தினி எடத்துலயும் தட்டும். தானா நிறுத்தவே கூடாது, பெரிப்பா."

"நரம்புலயும் இதே கதையா?" என்று பேச்சை மாற்றப் பார்த்தேன்.

"அங்கயும் கால்சியம் வாசல் கீது. அது தொறந்தாதான் ஒரு நரம்புலேர்ந்து இன்னொண்ணுக்கு சேதி போவும். அங்க வேற வேற கைனேஸுங்க அது தொறக்கறத கூட்டிக் கொறைக்கும். உன் மூளைக்குதான் எந்த சேதியும் போவல."

டாக்டர் மாத்திரையை மறுபடி ஆரம்பித்தார். "தீக்குழிப் பக்கமே போகக் கூடாது" என்றும் சொல்லிவிட்டார்.

எனக்கோ வேறு படபடப்பு. அம்மன் சரோஜாவை எழுப்பிக் கொடுத்துவிட்டாள். நான் கொடுத்த வாக்கு? நாளைக்கு இவளுக்கு ஏதாவது ஆனால்?

சரோஜா தலையில் அடித்துக்கொண்டாள். "எனக்காவதான வேண்டிக்கின? நானும் உன்னோட விரதந்தான். நானே எறங்கறேன், வுடு."

காப்புக் கட்டிக்கொண்டாள்.

தீமிதி அன்று, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நான். வயிற்றில் மாத்திரை. கையில் அவளுடைய செருப்பு. மஞ்சள் புடவையில் சரோஜா தணலில் இறங்கினாள். ரேஷன் கடைக்குப் போவது போல விறுவிறுவென்று நடந்து கரையேறினாள். மாத்திரையையும் மீறி என் கைனேஸ்கள் கொஞ்சம் ஓவர்டைம் பார்த்தன.

ஓடிப்போய் அவள் காலடியில் செருப்பைப் போட்டேன். "ஏம்மே, பயத்துல நெஞ்சு படபடன்னு அடிக்கல?"

சாம்பலைத் தட்டிக்கொண்டே சொன்னாள்:

"அதெல்லாம் நீ வுழுந்தன்னிக்கே அட்ச்சி முட்ச்சிட்ச்சு."