வெள்ளைக்காரரோடு ராயபுரத்துக்கு வருகிறவர்களுக்கு

ஹாம்பர்க்கில் யார் வீட்டுக்குப் போனாலும் காபி வேண்டுமா என்று ஒரே ஒரு முறைதான் கேட்பார்கள். நான் வந்த புதிதில் நம் வழக்கப்படி "இருக்கட்டும், வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, மறுபடி கேட்பார்கள் என்று காத்திருப்பேன். கேட்கவே மாட்டார்கள். என் எதிரிலேயே காபியை ஊற்றி, கேக்கை வெட்டி, என்னோடு சிரித்துப் பேசியபடியே சாப்பிடுவார்கள். நான் மேஜை விரிப்பின் பூக்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கஞ்சத்தனம் என்று சொல்லிவிட முடியாது. ஒருவர் வேண்டாம் என்றால் அவருக்கு வேண்டாம், மேலே வற்புறுத்துவது மரியாதை இல்லை என்பது அவர்கள் எண்ணம். ராயபுரத்தில் "வேணாம்" என்பதே பேச்சின் தொடக்கம். நாம் இரண்டாவது முறை சொல்வதற்குள் தட்டில் பாதி விழுந்திருக்கும். பல ஞாயிற்றுக்கிழமைகளில் பசியோடு விடுதிக்குத் திரும்பிய பிறகுதான், முதல் கேள்விக்கே "யா" என்று சொல்லப் பழகினேன்.

நான் இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். கன்னியாஸ்திரிகள் வழியாக என்னைப் போலப் பல பெண்கள் இந்த நாட்டுக்கு வந்தோம். பெரும்பாலானவர்கள் மலையாளிகள், தமிழர்கள் கொஞ்சம் பேர். சிலர் இந்த ஊர்க்காரர்களையே கட்டிக்கொண்டார்கள். கோடை விடுமுறை நெருங்கினால் அவர்களில் யாராவது என்னிடம் வந்து, "பிலோக்கா, அவர் முதல்முறையா மெட்ராஸ் வர்றார், என்ன சொல்லி வைக்கிறது?" என்று கேட்பார்கள். நானும் சலிக்காமல் சொல்வேன். காலை வெயில் ஏறிவிட்டால் தெருவில் சுற்ற வேண்டாம். போயே ஆக வேண்டுமென்றால் நாய்கள் எந்தப் பக்கம் படுத்திருக்கின்றன என்று பார்த்து அந்தப் பக்கமாக நடக்கச் சொல்லுங்கள், நிழல் அங்கேதான் இருக்கும். டோல்கேட்டில் பஸ் நிற்கும் என்று நம்ப வேண்டாம், கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். யாராவது தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் சரி என்று பொருள். மீன் வாடைக்கு மூக்கைப் பொத்தினால் எதிரே நிற்பவர் முகம் மாறிவிடும், பொறுத்துக்கொண்டால் சற்று நேரத்தில் மூக்கு தானே பழகிவிடும். தமிழ் கற்றுக்கொடுப்பதானால் புத்தகத் தமிழ் வேண்டாம். என்னோடு ராயபுரம் வந்த டீட்டருக்கு நான் "வணக்கம், நலமாக இருக்கிறீர்களா?" என்று சொல்லித் தந்தேன். அவர் அதை எங்கள் தெருமுனையில் பீடிக் கடைக்காரரிடம் சொல்ல, அவர் பதறி எழுந்து நின்று, "எலெக்சனா சார்?" என்று கேட்டார்.

ஆனால் இவ்வளவும் வருகிறவருக்குச் சொல்ல வேண்டியவை. வரவேற்கிற வீட்டுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. அது எனக்கு எப்படித் தெரிந்தது என்பதை இங்கே எழுதுகிறேன்.

டீட்டர் ஹாம்பர்க்கில் ரொட்டி சுடுபவர். ஆஸ்பத்திரிக்கு எதிரில் அவருடைய பேக்கரி. இரண்டு வருடம் பழகிய பிறகு கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டார். அவரும் கத்தோலிக்கர் என்பதால் கோயில் வழியில் தடை இல்லை. தடை என்று ஏதாவது இருந்தால் அது என் நைனாதான். நைனா மெட்ராஸ் துறைமுகத்தில் டக் என்கிற இழுவைக் கப்பலில் செராங்கு, அதாவது அந்தச் சின்னக் கப்பலின் ஆட்களுக்குத் தலைவர். பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்து உள்ளே கொண்டுவந்து நிறுத்தும் வேலை. வீட்டில் அதிகம் பேச மாட்டார். நான் விஷயத்தைத் தெரிவித்தபோது சம்மதம் என்றும் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. ஆளைக் கூட்டிக்கொண்டு வரட்டும் என்று அம்மா மூலம் சொல்லி அனுப்பினார். அவருக்குப் பிடிக்காவிட்டால் நான் என்ன செய்வேன் என்று டீட்டர் கேட்டார். நைனா இல்லாமல் கோயிலில் நின்று மாலை மாற்றிக்கொள்வதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. டீட்டரை விட்டுவிடுவதையும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

எங்களுக்கு விடுமுறை கிடைத்தது கத்திரி வெயிலில். பம்பாயில் இறங்கி, ரயிலேறி, சென்ட்ரலில் இருந்து டாக்சியில் ராயபுரம் போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் டீட்டருக்கு ஒரே பாடம்தான் நடத்தினேன். காய்ச்சாத தண்ணீரைத் தொடக் கூடாது, யார் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். நான் பயந்ததற்குக் காரணம் இருந்தது. மெட்ராஸில் நர்ஸ் படிப்பு படித்தபோது, கோடையில் வாந்தியும் பேதியுமாக வந்து வார்டுத் தரையில் கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் இந்தத் தண்ணீரிலேயே வளர்ந்தவர்களும் இருந்தார்கள். வேறு ஊர்த் தண்ணீரில் வளர்ந்தவர் என்ன ஆவார்? வீட்டுக்குப் போன உடனே நானே சத்தமில்லாமல் தண்ணீர் காய்ச்சி வைத்துவிடலாம் என்று திட்டம்.

அம்மா அதற்கு நேரம் கொடுக்கவில்லை. வாசலில் கால் வைத்ததுமே, பளபளவென்று துலக்கிய டம்ளரில் பானைத் தண்ணீரோடு வந்து நின்றார். டீட்டர் நல்ல மாணவர். கையை உயர்த்தி, நான் சொல்லிக் கொடுத்தபடியே தெளிவாக, "வேண்டாம், நன்றி" என்றார். அம்மா சிரித்தபடி இன்னும் கிட்டே நீட்டினார். "வேண்டாம், நன்றி." தெருவே வாசலில் கூடியிருந்தது. நைனா உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல் வெளியே போனார். அன்று அவருக்கு வேலை இல்லை என்று அம்மா பிறகு சொன்னார்.

மாலையில் அவர் திரும்பியதும் கிருமி, காய்ச்சல், வயிறு என்று எனக்குத் தெரிந்த மருத்துவம் முழுவதையும் எடுத்துச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இன்னாம்மா, நம்ம வூட்டுத் தண்ணி கலீஜுன்னு நீயே சொல்றியா?" என்றார். குரலை உயர்த்தவில்லை.

நைனாவின் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். வாலிபத்தில் அவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஒரு நாள் ஓர் அதிகாரியின் சாமான்களை மயிலாப்பூரில் அவர் வீடு வரைக்கும் கொண்டுபோய் இறக்கினார். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டபோது, அவரைப் படிக்குக் கீழே நிற்கவைத்து, கையைக் குவிக்கச் சொல்லி, மேலேயிருந்து செம்பால் ஊற்றினார்களாம். பாதி சட்டையில் போயிற்று. மீதியைக் குடிக்காமல் கீழே விட்டுவிட்டு வந்தேன் என்று ஒரே ஒரு முறை எங்களிடம் சொல்லியிருக்கிறார். அதன்பின் வெளியே எங்கேயும் அவர் தண்ணீர் கேட்டதில்லை, வீட்டிலிருந்தே பாட்டிலில் கொண்டுபோவார். அவர் வீட்டு வாசலில் நின்று ஒருவர் தண்ணீர் வேண்டாம் என்றால், அதற்கு அவர் எடுத்துக்கொள்ளும் பொருள் ஒன்றுதான்.

இதை டீட்டரிடம் சொன்னபோது அவர் முகம் சிவந்துவிட்டது. இப்போதே போய் ஒரு டம்ளர் குடித்துவிடுகிறேன் என்று எழுந்தார். நான் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். நர்ஸாக இருக்கிற நான் அதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன்? அவருக்கும் நைனாவுக்கும் நடுவில் ஒரு பானை இருந்தது, எனக்கு அதை நகர்த்தத் தெரியவில்லை. அடுத்த இரண்டு நாளும் நைனா விடியுமுன் வேலைக்குப் போனார், வந்ததும் சாப்பிட்டுப் படுத்தார். டீட்டர் நான் காய்ச்சித் தந்த தண்ணீரை ஏதோ தவறு செய்கிறவர்போல மூலையில் திரும்பி நின்று குடித்தார்.

மூன்றாவது நாள் நான் அம்மாவோடு கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், டீட்டர் தனியாகக் கிளம்பிவிட்டார். நைனாவைத் துறைமுக வாசலிலேயே பார்த்து மன்னிப்புக் கேட்பது என்று முடிவு. அதற்காக அம்மாவிடம் அபிநயம் பிடித்து ஒரு வாக்கியம் கற்று வைத்திருந்தாராம். உச்சி வெயில், தொப்பி இல்லை. ரயில் பாதையைத் தாண்டி, லாரிகள் வரிசையாக நிற்கிற ரோட்டில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். ஒரு சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் பார்த்து, தூக்கி நிழலில் கிடத்தி, தன் பாட்டிலில் இருந்த தண்ணீரைத் தலையிலும் வாயிலும் ஊற்றியிருக்கிறார். டீட்டர் மறுக்கிற நிலையில் இல்லை. எந்த வீடு என்று கேட்டதற்கு "நைனா", "செராங்கு" என்ற இரண்டு சொல்தான் திரும்பத் திரும்ப வந்தது. எங்கள் பக்கத்தில் அதுவே போதுமான விலாசம், நாங்கள் கோயிலிலிருந்து வரும்போது ரிக்‌ஷா எங்கள் வாசலில் நின்றது.

நைனாவும் வேலை முடிந்து அப்போதுதான் வந்து சேர்ந்தார். ரிக்‌ஷாக்காரர் அவரிடம், "அண்ணாத்தே, ஒன்னியத்தான் தேடிகினு வந்துகீறாரு. தண்ணி ஊத்தனப்பகூட கைய கும்பிட்டு நைனா நைனான்னாரு. நான் இன்னாத்த கண்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நைனா கட்டிலில் கிடந்த டீட்டரையே சற்று நேரம் பார்த்தார். நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்த என்னிடம் திரும்பி, "ரிக்‌ஷாக்காரன் தண்ணி மட்டும் எறங்கிச்சாக்கும்" என்றார். அதில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது.

அப்போதுதான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டிய ஒன்றைச் சொன்னேன். ஹாம்பர்க் போன முதல் குளிர்காலத்தில் அந்த ஊர்ப் பாலும் பாலாடைக்கட்டியும் எனக்கு ஒத்துக்கொள்ளாமல் கிடந்திருக்கிறேன். அப்போது டீட்டரை வெறும் பேக்கரிக்காரராகத்தான் தெரியும். அவர் சொல்லி, அவருடைய அம்மா விடுதிக்கு வந்தார். என் வயிறு எதற்குப் பழகியது என்று கேட்டு, வாழ்நாளில் கஞ்சியைப் பார்த்திராத அந்த அம்மா அரிசி வாங்கிக் குழைய வேகவைத்து, உப்புப் போட்டு, நான் எழுந்து நடக்கும்வரை தினமும் கொண்டுவந்தார். "அவங்க சோத்த நான் வேணாம்னு சொன்னதுக்கு அவங்க கோச்சிக்கல நைனா. இவருக்கும் வயிறு பயகணும், அவ்ளோதான்." நைனா துணியை என் கையிலிருந்து வாங்கி, பக்கெட்டில் நனைத்துப் பிழிந்து, அவரே டீட்டரின் நெற்றியில் போட்டார்.

ரொட்டி சுடுகிறவருக்கு உலகத்தின் எந்த மூலையில் படுத்தாலும் விடியுமுன் விழிப்பு வந்துவிடும். டக்கில் வேலை செய்கிறவருக்கும் அப்படியே. மறுநாள் விடியற்காலையில் மண்ணெண்ணெய் ஸ்டவ் சத்தம் கேட்டு எழுந்தேன். அம்மா என் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். சமையல் பக்கம் எட்டிப் பார்த்தால், நைனா ஸ்டவ் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் அடுப்படிக்கு வந்து நான் பார்த்ததே இல்லை. பெரிய குண்டானில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. எதிரே, நைனாவின் பழைய கைலியைத் தாறுமாறாகக் கட்டிக்கொண்டு, டீட்டர். இருவருக்கும் பொதுவாக நாலு சொல்லுக்கு மேல் கிடையாது. டீட்டர் ஒரு முறை போதும் என்று சைகை காட்ட, நைனா இன்னும் கொதிக்கட்டும் என்று கையால் அமர்த்தினார். பிறகு இறக்கி, இரண்டு டம்ளரில் ஊற்றி, ஆற்றி, தாம் முதலில் ஒரு வாய் குடித்துக் காட்டினார். மற்றதை நீட்டினார்.

"குடி மாப்ள."

டீட்டர் ஊதி ஊதி முழுவதையும் குடித்தார். பிறகு வெளியே வந்து, மாப்ள என்றால் சூடு என்று அர்த்தமா என்று என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டதால், அவர் அப்படியே நம்பிக்கொண்டார். அன்று மத்தியானம் மீன் குழம்பு வாயைச் சுட்டபோது அம்மாவைப் பார்த்து, "மாப்ள, மாப்ள" என்று விசிறிக் காட்டினார். நைனா சிரித்ததை அந்தப் பயணத்தில் முதல்முறையாக அப்போதுதான் பார்த்தேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, இந்த இருவருக்கும் கல்யாணம் என்று கோயிலில் எங்கள் பெயர்களை ஓலை வாசித்தார்கள். சாமியார் டீட்டரின் பெயரைச் சரியாகத்தான் சொன்னார். ஆனால் தெருவில் அவர் அதற்குள் பீட்டர் ஆகியிருந்தார். கல்யாணத்துக்கு வந்த டக் ஆட்களிடம் நைனா, "நம்ம பீட்டருக்கு வெந்நிதான், பச்சத்தண்ணி குட்த்துறாதீங்க" என்று ஒவ்வொருவராகத் தேடிப் போய்ச் சொன்னார். தம் பானைக்கு வந்த அவமானமாக நைனா நினைத்தது, அவர் வாயாலேயே விருந்தாளிக்குச் செய்யும் மரியாதை ஆகிவிட்டது.

ஆகவே, என்னிடம் கேட்கிற பெண்களுக்கு நான் இப்போது சொல்வது இதைத்தான். உங்கள் ஆளுக்குச் சொல்வதையெல்லாம் சொல்லுங்கள். ஆனால் கிளம்புமுன் வீட்டுக்கும் சொல்லுங்கள். இது வேண்டாம், அது கூடாது என்று மட்டும் சொன்னால் மனது புண்படும். இந்த ஊரில் உங்களை யார் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். நம் ஆட்கள் வைத்தியத்தை நம்புகிறார்களோ இல்லையோ, கஞ்சி வைத்துக் கொடுத்த ஒருத்தியை நம்புவார்கள்.

நாங்கள் திரும்பி வந்த பிறகு வந்த புத்தாண்டு இரவைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். மெட்ராஸ் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள் எல்லாம் அன்று பன்னிரண்டு அடிக்கும்போது ஒன்றாகச் சங்கு ஊதும். ராயபுரம் முழுக்கக் கேட்கும். ஹாம்பர்க்கிலும் ஆற்றில் நிற்கும் கப்பல்கள் அப்படித்தான் ஊதுகின்றன. ஆனால் அங்கே பன்னிரண்டு அடிக்கும்போது இங்கே மாலை ஏழரைதான். அந்த வருடம் நைனாவுக்கு அன்றைக்கு டக்கில் வேலை. ஏழரை மணிக்கு டீட்டர் தானாகவே எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது, ஆறு அமைதியாக இருந்தது. குளிர் அறைக்குள் ஏற ஏற, இரண்டு பேரும் கோட்டுப் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றோம். "இப்போ நைனா ஊதறாரு" என்றார் அவர், நல்ல ராயபுரத் தமிழில். ஒரு சத்தமும் இல்லை. நாங்கள் ஒருவருக்கொருவர் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லிக்கொண்டோம். பிறகு ஜன்னலைச் சாத்திவிட்டு, இந்த ஊருக்கும் புது வருடம் வரட்டும் என்று காத்திருந்தோம்.