ஜோடியை வீசாத அப்பாவும் என் தம்பி உதயனும்

என் தம்பி உதயகுமார் பொறுமைசாலி என்று தெரு முழுக்கப் பேர். சொல்வதற்கு முன்னால் கூடப் பிறந்தவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

டிப்ளமா முடித்தவன். மைசூர் ஹெப்பாளில் பம்பு செய்யும் தொழிற்சாலையில் ஷிப்டு சூப்பர்வைசர். எங்கள் குடும்பத்தில் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு கம்பெனிப் பஸ் ஏறிய முதல் ஆள் அவன்தான். இதை நான் யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. நான் எட்டாவதோடு நின்றவள். கார்மெண்ட்ஸில் செக்கிங். தைத்து வரும் சட்டையில் ஒரு நூல் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. உதயனிடம் இருக்கும் பிசிறு எது என்றும் எனக்குத் தெரியும். அவனுக்கு எல்லாம் சரியாக அமைந்த பிறகுதான் கை நீளும்.

அவன் கம்பெனி நண்பர்களிடம் போக்கர் என்ற சீட்டாட்டம் கற்றுக்கொண்டு வந்தான். காசு கிடையாது, வெறும் வில்லைகள் வைத்துத்தான். வந்தவன் எங்கள் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தான். ஆளுக்கு இரண்டு சீட்டு, மூடி வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு பாய் நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு விரியும். அவை விரிவதற்கு முன்பே எவ்வளவு கட்டுவது என்பதில்தான் பாதி ஆட்டம் இருக்கிறது என்பான். அதிலும் கையில் வந்த இரண்டும் ஜோடியாக இருந்துவிட்டால் அவன் வாயை மூட முடியாது.

"அக்கா, கேளு. ஆஸ், ராஜா, ராணி ஜோடின்னா உடனே பந்தயத்தைப் பெருசா ஏத்தணும். கூட்டம் கலையணும். ஒருத்தர்தான் எதிர்ல நிக்கணும். ரெண்டு, மூணு, நாலு ஜோடின்னா மலிவாக் கெடைச்சா மட்டும் பாரு. அதே நம்பர்ல மூணாவது சீட்டு எட்டு தடவைக்கு ஒரு தடவைதான் வரும். வரலைன்னா சீட்டை வீசிட்டு ஒதுங்கிடு."

"நடுவுல இருக்கறதுக்கு?"

"அது, யாரு எங்க உக்காந்திருக்காங்க, கையில எவ்வளவு மிச்சம்னு பார்த்து..."

பார்த்து, பார்த்து, பார்த்துக்கொண்டே இருப்பான்.

எங்கள் அப்பா கந்தசாமி சென்ட்ரிங் வேலைக்காரர். ஹனூர்ப் பக்கத்திலிருந்து வந்து மைசூரில் பாதி மாடிகளுக்குப் பலகை அடித்தவர். இரண்டு வருடம் முன்பு விஜயநகரில் ஒரு கட்டடத்தில் சாரத்திலிருந்து வழுக்கினார். கீழே மணல் குவியல் இருந்ததால் முட்டியோடு போயிற்று. நொண்டிக்கொண்டே மறுபடி ஏறினார். அம்மா அழுதாள், நான் கத்தினேன், உதயன் விபத்துக் கணக்கெல்லாம் காட்டினான். அப்பா அவனிடம் ஒரே வார்த்தை சொன்னார்:

"யுகாதிச் சீட்டுல எனக்கு முன்னாடி நீ அவுட்டாகாம இரு. எறங்கிடறேன்."

இந்தப் பக்கத்தில் யுகாதிக்குச் சீட்டாடுவது வழக்கம். மறுநாள் ஒசதொடக்கு என்னும் கறி விருந்துக்குக் கறி வேகும்வரை ஆட்டம் ஓடும். எங்கள் வீட்டில் புளியங்கொட்டைதான் பந்தயம். ஆனால் யுகாதிச் சீட்டின் பேரில் கொடுத்த வாக்கு வருஷம் முழுக்க நிற்கும்.

போன வருஷம் உதயனுக்கு இரண்டு ஆஸ் வந்தது. என்ன செய்திருக்க வேண்டும்? அவனே சொன்னபடி பெருசா ஏத்தியிருக்க வேண்டும். இவனோ, ஆள் ஓடிவிடக் கூடாதென்று நாலே கொட்டை வைத்தான். அவ்வளவு மலிவு என்றதும் எல்லோரும் உள்ளே வந்தார்கள். "எல்லாரும் இருக்கீங்க, நானும் இருக்கறேன்" என்று எங்கள் அம்மா சித்தம்மா ஏழையும் மூணையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பாயில் ஒரு ஏழு வந்தது, ஒரு மூணும் வந்தது; அம்மாவுக்கு ஏழிலும் ஜோடி, மூணிலும் ஜோடி. உதயனின் கொட்டை எல்லாம் அம்மா மடிக்குப் போயிற்று. அப்பா மறுநாளே சாரம் ஏறினார். எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

இந்த வருஷமும் அதே பந்தயம். ஒசதொடக்கு அன்று நான்தான் சீட்டுப் போட்டேன். அம்மா, அப்பா, உதயன், என் வீட்டுக்காரர் மல்லப்பன் நால்வரும் ஆடினார்கள். அப்பாவின் பலவீனம் எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததே. கையில் எந்த ஜோடி வந்தாலும் வீச மாட்டார். "யுகாதியில ஜோடியை வீசினா வீட்டுல ஜோடி பிரியும்" என்பார். வெறும் இரண்டாம் நம்பர் ஜோடிக்கும் அள்ளிக் கொட்டி, அவர் குவியல் கரைந்துகொண்டே வந்தது.

அதைப் பிடித்துக்கொள்ள வேண்டியவன் என்ன செய்தான்? வீசினான், வீசினான், வீசிக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் வைத்தே ஆக வேண்டிய கொட்டைகளில் அவன் குவியலும் கரைந்தது.

"பசவண்ணர் கோயில் மாடு மாதிரி தலையாட்டிட்டே இருக்கறியே மச்சான், ஒரு ஆட்டம் ஆடு மாராயா!" என்றார் என் வீட்டுக்காரர்.

"ராணிக்கு மேல வரட்டும் மாமா."

"வர்றதுக்குள்ள கறி தீஞ்சிடும்டா" என்றாள் அம்மா.

அப்பா முட்டியை நீவிக்கொண்டு சிரித்தார். "நாளைக்கு மூணாவது மாடிக் கான்கிரீட்டு. அதுக்கு முன்ன பலகை அடிக்கணும். சீக்கிரம் முடிங்க."

அடுத்த கையில் உதயன் சீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்க்க ஆரம்பித்தான். நடுவில் இருக்கும் ஜோடி என்று எனக்குப் புரிந்துவிட்டது. வேறு எதற்கும் அவன் அப்படித் தேய்க்க மாட்டான். தன் குவியலைப் பார்த்தான், அப்பாவுடையதைப் பார்த்தான். அப்பாவுடையது கொஞ்சம் சிறியது; முழுவதும் தள்ளி ஜெயித்தால் அப்பா அவுட்.

சீட்டுப் போடுகிறவள் பேசக் கூடாதுதான். "மூணாவது மாடிடா" என்று மட்டும் சொன்னேன்.

என்னை முறைத்தான். பிறகு இரண்டு கையாலும் குவியல் முழுவதையும் பாய் நடுவில் தள்ளினான்.

"அய்யோ, அவ்வளவா? நான் வரலப்பா" என்று அம்மா வீசினாள். என் வீட்டுக்காரரும் வீசினார். அப்பா சீட்டைப் பார்த்தார்.

"நாலும் நாலும் ஜோடிடா!" என்று மறைக்காமல் விரித்துப் போட்டார். "எப்படி வீசறது? உங்கம்மா என்னை விட்டுப் போயிட்டா?"

"போனாத்தான் என்ன இப்ப? வீசுங்க" என்றாள் அம்மா.

வீசவில்லை. கொட்டை முழுவதையும் தள்ளினார். உதயன் இரண்டு ஒன்பதைத் திருப்பி வைத்தான்.

"அஞ்சுல நாலு தடவை எனக்குத்தான்" என்றான். குரல் மட்டும் அதை நம்பவில்லை.

நான் சீட்டை விரித்தேன். ராஜா, ஆறு, இரண்டு. அப்பா ஒவ்வொன்றுக்கும் "நாலு!" என்று பாயைத் தட்டினார். நாலாவது ஒரு ஜாக்கி. கடைசிச் சீட்டைத் திருப்பினேன். பத்து.

நாலு வரவில்லை. உதயனின் ஒன்பது ஜோடி ஜெயித்தது, அப்பா அவுட்.

"சாரத்துலதானே ஏற மாட்டேன்னேன்" என்றார் அப்பா. "ஏணி?"

"ஏணியும்தான்!" என்று நாங்கள் நாலு பேரும் கத்தினோம்.

வாக்கைக் காப்பாற்றினார், அதில் குறை சொல்ல முடியாது. பலகையும் சுத்தியலும் மேஸ்திரி வீட்டுக்குப் போய்விட்டன. இப்போது கம்பெனிப் பஸ்ஸிலிருந்து உதயன் இறங்கும் நேரத்துக்குப் பாய் விரித்து, புளியங்கொட்டையைச் சரிபாதி பிரித்து வைத்துக் காத்திருக்கிறார். யுகாதி போய் இத்தனை நாளாகியும் ஜோடியை மட்டும் வீசுவதில்லை. நேற்று உதயன் எனக்குப் போன் செய்தான்.

"அக்கா, மறுபடியும் வெறும் ரெண்டாம் நம்பர் ஜோடி வெச்சு என் ராஜா ஜோடியை அடிச்சுட்டாருக்கா! இது எந்தக் கணக்குலயும் வராது. வேணும்னே கால் நீட்டி உக்காந்துட்டு, 'நீதானே எறக்கின, ஆடு'ங்கறாரு. யூனிபார்ம்கூட மாத்தலை நான்."

"பெருசா ஏத்தினியா?"

நான் சாப்பிட்டேனா என்று கேட்டான்.

"ஏத்தினியாடா?"

"அவரு பயந்து வீசிடுவாரோன்னு பார்த்தேன்" என்றான்.