போனை எடுக்காத கவுன்சிலர்

பதினெட்டு வருடம் ஆரணியில் நிருபராக இருந்துவிட்டு, கட்சியில் சேர்ந்து, நின்று, கவுன்சிலரும் ஆனேன். மாலை வாடுவதற்குள் டீக்கடை என்னைக் கைவிட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கம் அந்தக் கடையில்தான் நிருபர்கள் தினமும் காலையில் கூடுவோம். ஜெயித்த மறுநாள் வழக்கம்போல் போய் உட்கார்ந்தேன். பேச்சு நின்றது. ஒருவர் மழையைப் பற்றி ஆரம்பித்தார். அரசியல்வாதி வந்தால் மழையைப் பற்றித்தான் பேசுவது என்பது எங்கள் கடை வழக்கம், அதில் எனக்கும் பங்கு உண்டு. அதனால் கோபப்படவும் வழியில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒருவன் என் நண்பன். வேறு பத்திரிகைக்காரன்தான், ஆனால் பெரணமல்லூர், கண்ணமங்கலம் என்று ஒரே பைக்கில் அலைந்தவர்கள் நாங்கள். அவனாவது கூப்பிடுவான் என்று மாதக்கணக்கில் காத்திருந்தேன். மனைவி, மகளின் பிரசவத்துக்காகச் சென்னை போயிருந்தாள். மனுவோடு வருகிறவர்கள் காலையிலேயே வந்து போய்விடுவார்கள். சாயங்காலமானால் வீட்டில் நானும் போனும்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தத் தனிமை என்னைத் தின்றது.

எங்கள் வார்டில் ஒரு சாயப்பட்டறையின் கழிவுத் தண்ணீர் தெருவில் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. பட்டறைக்காரர் எனக்காகத் தேர்தலில் ஓடியாடி வேலை செய்தவர். அதை நிறுத்தச் சொல்லி இரண்டு முறை சிரித்துக்கொண்டே சொன்னதோடு விட்டுவிட்டேன். ஒரு நாள் மதியம் நண்பன் அங்கே நின்று படம் எடுப்பதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். பயத்தைவிட சந்தோஷம்தான் அதிகம் வந்தது. என் விளக்கம் கேட்க அவன் கூப்பிட்டுத்தானே ஆக வேண்டும். நேரிலேயே வந்தாலும் வருவான் என்று பால் வாங்கிக் காய்ச்சி வைத்தேன். இருட்டும்வரை போனை மடியில் வைத்திருந்தேன். மணி அடிக்கவே இல்லை.

மறுநாள் பேப்பரில் செய்தி வந்தது. கடைசி வரி: ‘இதுகுறித்து கவுன்சிலரைத் தொடர்புகொண்டபோது அவர் போனை எடுக்கவில்லை.’

அந்த வரி என்னுடையது. பல வருடங்களுக்கு முன், இதே வார்டின் பழைய கவுன்சிலரைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு செய்தி எழுதினோம். “அவரையும் ஒரு வார்த்த கேட்டுடலாமா?” என்றான் நண்பன். “டைம் இல்லபா. போன் எடுக்கலன்னு போட்டு ஜல்தி அனுப்பு” என்றேன் நான்.

அவனுக்கு போன் செய்தேன். எடுத்தான்.

“கூப்டவே இல்லியே நீ.”

“உன் குரல கேட்டா எழுதாம வுட்டுடுவேன். அதான்” என்றான். பிறகு, வேலை இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டான்.

அன்றே பட்டறைக்காரரிடம் போய், சிரிக்காமல் பேசிவிட்டு வந்தேன். அவரும் இப்போது என்னோடு பேசுவதில்லை.

பழைய கவுன்சிலரின் நம்பர் இன்னும் என்னிடம் இருந்தது. சாயங்காலம் அதை அழுத்தினேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

“சொல்லுங்க, யாரு பேசறது? சும்மாதான் உக்காந்துகினு இருக்கேன்.”

என் பெயரைச் சொன்னேன். அதன் பிறகும் அவர் போனை வைக்கவில்லை.