ஏழெட்டு அம்பத்திநாலு

எங்கள் வீட்டில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல் இருக்கிறது. மயிலாப்பூர் மாட வீதியில் அம்மா பேரம் பேசி வாங்கியது. ஒரு காலில் லேசாகக் கீறல் விட்டிருப்பதால், உட்கார்ந்திருப்பவர் முன்னால் சாய்ந்தால் முனகும். வீட்டுக்கு வருகிறவர்கள் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் மட்டும் அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஒரு நொடி நின்றுவிடுவேன். சில வருடங்களுக்கு முன் ஒரு கோடை விடுமுறை முழுவதும் அம்மா அதில் உட்கார்ந்து, மூடிய கதவு ஒன்றைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். கதவுக்குப் பின்னால் என் அண்ணன் இருந்தான்.

அண்ணனுக்குக் கிண்டியில் வேலை. வெளிநாட்டுக் கம்பெனிகளின் வீடியோ கேம்களைச் சோதித்துப் பார்க்கும் வேலை. "விளையாடுறதுக்குச் சம்பளமா?" என்று சொந்தக்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். விளையாட்டாவது ஒன்றாவது. எந்த இடத்தில் முட்டினால் ஆள் சுவருக்குள் புகுந்துவிடுகிறான் என்று பார்க்க, ஒரே சுவரில் நாள் முழுக்க முட்டிக்கொண்டிருப்பான். வீரன் குதிரையை விட்டு இறங்கிய பிறகும் அவன் நிழல் மட்டும் சேணத்திலேயே உட்கார்ந்திருந்தால், அதைக் கண்டுபிடித்து எழுதி அனுப்ப வேண்டும். தப்பு கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு. அந்தக் கண் அம்மா கொடுத்தது. அம்மா சாந்தோம் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கடைப் பலகையில் கூட்டல் தப்பாக இருந்தால் சாக்பீஸ் கேட்டு வாங்கித் திருத்திவிட்டுத்தான் கத்திரிக்காயைப் பார்ப்பாள். எதிரில் யாராவது தப்பாக ஒன்று சொல்லிவிட்டால் அவளுடைய இடது புருவம் மட்டும் தனியாக மேலே ஏறும். "தப்பைப் பார்த்துட்டு சும்மா போறவன், தப்பு பண்ணவனைவிட மோசம்" என்பாள். இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டே நாங்கள் இரண்டு பேரும் வளர்ந்தோம்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஒரு நாள் காலை, இட்லி சாப்பிட்டுக்கொண்டே அண்ணன் போனைப் பார்த்தான். இரண்டு வருடமாக அவனும் அவன் கூட்டாளிகளும் சோதித்துக்கொண்டிருந்த கேமை அந்த வெளிநாட்டுக் கம்பெனி கைவிட்டுவிட்டதாகச் செய்தி வந்திருந்தது. கிண்டி ஆபீசுக்கே அதற்குப் பிறகுதான் தகவல் வந்தது. அதாவது, தன் வேலை போனதை அவனே ஒரு கேம் செய்தியாகத்தான் படித்தான். கையைக் கழுவிவிட்டு வழக்கம்போல் கிளம்பிப் போனான். அதன் பிறகு எங்கெங்கோ நேர்முகத் தேர்வுக்குப் போனான். எல்லாரும் "சொல்லி அனுப்புகிறோம்" என்றார்கள். ஈஸ்டர் பூசைக்கு எங்களோடு கோயிலுக்கு வந்தான். மறுநாள் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டவன், பிறகு எங்கள் கண்முன் திறக்கவில்லை.

குளியலறை அவன் அறையோடு சேர்ந்தே இருந்தது. அதனால் அவனுக்கு வெளியே வரவேண்டிய அவசியமே இல்லை. கதவருகே வைக்கும் தட்டு நாங்கள் அந்தப் பக்கம் இல்லாத சமயம் பார்த்து உள்ளே போகும். பாதி சாப்பிட்டு வெளியே வரும். கூப்பிட்டால் பதில் வராது. எனக்கு அவன்மேல் கொலைவெறி. நான் தி. நகரில் ஒரு துணிக்கடையின் ஆன்லைன் பிரிவில் இடுப்பொடிய வேலை பார்த்துவிட்டு வருவேன். வந்து கதவுக்கு முன்னால் நின்று, "உலகத்துல உனக்கு மட்டும்தான் வேலை போச்சா?" என்று கத்துவேன். அப்பா செத்து ஆறு வருடம் அம்மா ஒற்றை ஆளாக எங்களை இழுத்து வந்ததை அவன் நினைத்துப் பார்க்க வேண்டாமா? ஆசாரியைக் கூட்டி வந்து கதவைப் பெயர்த்துவிடலாம் என்றேன். "பெயர்த்தா கதவு திறக்கும்டி, அவன் திறப்பானா?" என்றாள் அம்மா. ஆனால் அவளும் நிம்மதியாக இல்லை. உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டால் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்து கதவில் காதை வைப்பாள். அவன் செத்துப்போய்விடுவான் என்று நாங்கள் இருவருமே பயந்தோம். அந்தச் சொல்லை மட்டும் இருவருமே வாயில் எடுக்கவில்லை.

அடையாற்றில் மனநல ஆலோசகர் ஒருவரைப் போய்ப் பார்த்தோம். "கதவுகிட்ட உட்கார்ந்து தினமும் பேசுங்க. ஆனா கேள்வி மட்டும் கேக்காதீங்க" என்றார். கேள்வி கேட்காமல் எப்படிப் பேசுவது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. முப்பது வருடம் கேள்வி கேட்டே சம்பளம் வாங்கியவள். அவனுக்குப் பிடித்ததைச் சொல்லலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். அவனுக்குப் பிடித்தவை மூன்று: சினிமா, பாட்டுக் கச்சேரி, கேம். அந்தக் கோடையில் நகரம் முழுக்க அவைதான். ஆழ்வார்பேட்டை மேம்பாலத்தடியில் வாரம் ஒரு படத்தின் போஸ்டர் மாறியது. சனி ஞாயிறு வந்தால் நந்தனத்து மைதானத்தில் கச்சேரி. பள்ளிக்கு விடுமுறை. அம்மா ஸ்டூலை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதலில் சினிமா. புதுப்படம் ஒன்றுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். கதையை மனப்பாடம் செய்து வந்து கதவிடம் ஒப்பித்தாள். "அப்புறம் ஹீரோ பத்து பேரை அடிச்சான்டா. இல்ல, பன்னெண்டு. ரெண்டு பேர் மாடியில இருந்தாங்க." உள்ளே ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. அடுத்தது கச்சேரி. அவனுக்கு உயிரான பாடகர் ஒருவர் வருகிறார் என்று மூன்று டிக்கெட் எடுத்தோம். அவனுடையதைக் காகிதத்தில் அச்செடுத்துக் கதவடியில் தள்ளினாள். சட்டையை இஸ்திரி போட்டுக் கைப்பிடியில் மாட்டினாள். மாலை ஐந்து மணி வரை அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நாங்கள் இருவரும் ஆட்டோ ஏறினோம். "இன்னா கூட்டம் கீது பாருங்க. நீங்களுமா கச்சேரிக்குப் போய்க்கினு கீறீங்க? காது போய்டும்மா" என்றார் ஆட்டோக்காரர். "போனா போகட்டும்ப்பா" என்றாள் அம்மா. மைதானத்தில் காட்டன் புடவையும் கழுத்தில் ஜெபமாலையுமாக நின்று, கச்சேரி முடியும்வரை போனை உயர்த்திப் பிடித்துப் பதிவு செய்தாள். கை வலித்தால் இன்னொரு கைக்கு மாற்றினாள். என்னிடம் தரவே இல்லை. மறுநாள் ஸ்டூலில் உட்கார்ந்து போட்டுக் காட்டினால், பாட்டு எங்கே கேட்டது? சுற்றி நின்றவர்களின் கூச்சலும், "இது என்ன பாட்டுடி?" என்று அவள் என்னைக் கேட்கும் குரலும்தான் கேட்டன. அம்மா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

கடைசியாக மிச்சமிருந்தது கேம். அதைப்பற்றி அவளுக்குத் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. போனில் எழுத்தைப் பெரிதாக்கி, கேம் செய்தி வரும் பக்கம் ஒன்றைத் திறந்து கொடுத்தேன். முதல் நாளே, எங்கோ ஒரு கம்பெனி ஆட்களை வேலையை விட்டு அனுப்பிய செய்தியை உரக்க வாசித்துவிட்டாள். உள்ளேயிருந்து ஏதோ பறந்து வந்து கதவில் மோதியது. நான் பதறிவிட்டேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எறிஞ்சான்ல? கையில பலம் இருக்குடி" என்றாள். அந்த நாட்களில் எங்களுக்குக் கிடைத்த நிம்மதியின் அளவு அவ்வளவுதான்.

சில நாட்கள் கழித்து ஒரு மத்தியானம், நான் கடையில் இருக்கும்போது அம்மா போன் செய்தாள். மூச்சு வாங்கியது. "பேசிட்டான்டி." என்ன சொன்னான் என்று கேட்டேன். "தப்புன்னு சொன்னான்" என்றாள். நடந்தது இதுதான். வாள் சண்டை கேம் ஒன்றின் செய்திக்கு அடியிலேயே கால்பந்து கேம் செய்தியும் இருந்திருக்கிறது. அவள் இரண்டையும் ஒன்றாக நினைத்து, "அடுத்த பாகத்துல சாமுராய்ங்க பதினோரு பேர் வர்றாங்களாம்டா, கோல்கீப்பர்கூட உண்டாம்" என்று சொல்லியிருக்கிறாள். உள்ளேயிருந்து, "அது வேற கேம்" என்று குரல் வந்ததாம். நான் நம்பவில்லை. கேட்க வேண்டும் என்ற ஆசையில் கேட்டதாக நினைத்துக்கொள்கிறாள், இனி இவளையும் டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

மறுநாள் என் காதாலேயே கேட்டேன். "அந்த கேம் மே மாசம் வருதாம்டா" என்றாள் அம்மா. "நவம்பர்" என்றது கதவு.

அன்றிலிருந்து அம்மா வேண்டுமென்றே தப்பு சொல்ல ஆரம்பித்தாள். சும்மா வாய்க்கு வந்த தப்பு அல்ல. முதலில் சரியான செய்தியை முழுதாகப் படிப்பாள். பிறகு வினாத்தாள் தயாரிக்கிறவள்போல் யோசித்து, அதில் ஒரே ஒரு இடத்தைக் கெடுப்பாள். "தப்பான விடை நம்புற மாதிரி இருக்கணும்டி. இல்லைன்னா பிள்ளைங்க கண்டுபிடிச்சிடும்." வாழ்நாளெல்லாம் தப்பை அடித்துத் திருத்திய கை அது. ஒவ்வொரு பொய்யும் சொல்லி முடிக்கும்போது அவளுடைய இடது புருவம் அவளை அறியாமலே ஏறும். தன் தப்பைப் பார்த்துத் தானே முறைப்பாள். கோயிலில் பாவங்களை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில் இதைப் போய்ச் சொன்னாளாம். ஃபாதர் சிரித்துவிட்டு, பரிகாரமாக ஒரு அருள் நிறை மரியே ஜெபம் சொல்லச் சொன்னாராம். "தினம் பொய் சொல்றதுக்கு இது ரொம்பக் கம்மி" என்று முழு ஜெபமாலையும் சொன்னாள்.

ஒரு சொல் இரண்டாயிற்று, பிறகு வாக்கியமாயிற்று. உலகமே காத்திருந்த பெரிய கேம் ஒன்று அந்தக் கோடையில் வருவதாக இருந்தது. அது வரும் நாளில் வாங்கிக் கொடுத்தால் அவன் வெளியே வந்துவிடுவான் என்று அம்மா மனக்கோட்டை கட்டியிருந்தாள். பள்ளி திறக்கச் சில நாட்களே இருந்தபோது, அது அடுத்த வருடத்துக்குத் தள்ளிப் போய்விட்டதாகச் செய்தி வந்தது. அம்மா போனை வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றாள். சொந்தப் பிள்ளை பரீட்சையில் தோற்றதுபோல் முகம் கறுத்துவிட்டது. பள்ளி திறந்துவிட்டால் பகல் முழுதும் அந்தக் கதவுக்கு முன்னால் யார் இருப்பது? நான் வேலையை விட்டுவிடலாமா என்றுகூடப் பேசினோம்.

அன்று மாலை அவள் போனில்லாமல் போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "இன்னைக்கு நியூஸ் ஒண்ணும் இல்லடா" என்றாள். பிறகு பள்ளியைப் பற்றிப் பேசிக்கொண்டே போனாள். குரலில் சாரமே இல்லை. "இந்த வருஷம் எனக்குப் புது வகுப்பு. எட்டு வரிசை பெஞ்சு, வரிசைக்கு ஏழு பேர். அம்பத்திநாலு பிள்ளைங்க. அம்பத்திநாலு பிள்ளைங்களைப் பார்த்துக்கணும்டா நான். என் பிள்ளையைப் பார்த்துக்கத் தெரியல."

உள்ளே நாற்காலி நகர்ந்தது. பிறகு தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. தாடியும் அழுக்கு பனியனுமாக அண்ணன் நின்றான். என்னை அவன் பார்க்கவே இல்லை. "ஏழெட்டு அம்பத்தாறும்மா" என்றான். "உனக்கு என்னம்மா ஆச்சு?" அம்மா எழுந்திருக்கவில்லை. கையை நீட்டி அவன் பனியனின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். "சாப்பிடுறியாடா?" என்றாள். அந்தக் கோடையில் அவனிடம் அவள் கேட்ட முதல் கேள்வி அது.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். வைத்தியம், மாத்திரை, மறுபடி பூட்டிக்கொண்ட நாட்கள் என்று ஒரு வருடத்துக்குமேல் ஓடியது. இப்போது அடையாற்றில் மருந்து விற்கும் ஆப் ஒன்றில் தப்பு கண்டுபிடிக்கிறான். அன்றைக்கு அம்மா நிஜமாகவே கணக்கில் தப்பினாளா, இல்லை அதுவும் யோசித்து வைத்த தப்பா என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "எனக்கா ஏழெட்டு தெரியாது?" என்று புருவத்தை ஏற்றுவாள். "அப்ப வேணும்னே சொன்னியா?" என்றால் குழம்பு அடிபிடிக்கிறது என்று எழுந்து போய்விடுவாள்.

இந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தின வாரம், பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அம்மா கீழே விழுந்தாள். பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் போயிற்று. குளியலறை உள்ள அறை என்பதால் அண்ணனுடைய அறையில்தான் கட்டில் போட்டிருக்கிறோம். கதவு எந்நேரமும் விரியத் திறந்தே கிடக்கிறது. அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறாள். நாங்கள் பேசுவது காதில் விழுகிறதா, விழுந்தால் புரிகிறதா என்று டாக்டர் உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை. பேசிக்கொண்டே இருங்கள் என்று மட்டும் சொன்னார்.

வெளியே மறுபடி கோடை. மேம்பாலத்தடியில் புதுப்பட போஸ்டர். சனிக்கிழமை கச்சேரிக்குப் போகிற கூட்டம் எங்கள் தெருவரை வண்டியை நிறுத்திவிட்டு நடக்கிறது. அண்ணன் ஆபீசிலிருந்து வந்ததும் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் சிவப்பு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். படச் செய்தி, பாட்டுச் செய்தி, கேம் செய்தி எல்லாம் சொல்கிறான். எல்லாம் சரியான செய்தி. சொல்லி முடித்ததும், "அம்மா, ஏழெட்டு அம்பத்திநாலு" என்கிறான். சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்க்கிறான். மறுபடி சொல்கிறான்.

போன வாரம் ஒரு நாள் சமையலறைக்கு ஓடி வந்தான். "புருவம் ஏறுச்சுடி. இடது புருவம். நான் பார்த்தேன்." நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது அம்மாவின் முகம் எப்போதும்போல்தான் இருந்தது. நிஜமாகவே பார்த்தானா, பார்க்க வேண்டும் என்ற ஆசையில் பார்த்தானா, எனக்குத் தெரியாது. அந்தக் கோடையில் அம்மா போனில் சொன்னதையும் நான் இப்படித்தான் நம்பவில்லை. அதனால் இவன் சொல்வதை நம்புகிறேன். நம்புவதைத் தவிர எனக்கும் வேறு போக்கில்லை.

இதை எழுதும்போதும் அவன் உள்ளேதான் இருக்கிறான். ஸ்டூல் முனகுகிறது, முன்னால் சாய்கிறான் போலிருக்கிறது. "ஏழெட்டு அம்பத்திநாலும்மா" என்கிறான். அம்பத்தாறு என்று என் நாக்கு நுனிவரை வந்துவிடுகிறது. வாயை மூடிக்கொள்கிறேன். அது அம்மா சொல்ல வேண்டிய விடை. ஸ்டூல் மறுபடி முனகுகிறது. பிறகு அண்ணனுடைய குரல் கேட்கிறது.

"சொல்லும்மா. தப்பைப் பார்த்துட்டு சும்மா போகாதம்மா."